மழைக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு சைக்கிள் ஹெல்மெட்: தேர்ந்தெடுப்பது முதல் கழுவிக் காயவைப்பது வரை

என் முதல் சைக்கிள் ஹெல்மெட் எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே தொங்கித்தான் செத்தது.

ஆடி மாதம், நான்கு நாளாக விடாத மழை. தலவாக்கலையிலிருந்து நனைந்துகொண்டே வந்து வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் கழற்றிப் போட்டேன். அம்மா அதை எடுத்து, மிலாறு விறகு எரியும் அடுப்புக்கு மேலே துணி காயப்போடும் கொடியில் மாட்டிவிட்டார். காலையில் பார்த்தால் நன்றாகக் காய்ந்திருந்தது. ஆனால் மேல் ஓடு ஒரு பக்கம் அப்பளம் மாதிரிக் கொப்பளித்து, உள்ளேயிருந்த வெள்ளை ரெஜிபோம் நுரை சுருங்கி, இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது.

"ஈரமா கெடக்கேன்னு மேல போட்டேன். சட்டையெல்லாம் காயலையா, இது மட்டும் என்னவாம்?" என்றார் அம்மா.

நியாயமான கேள்விதான். அப்போது எனக்கும் பதில் தெரியாது. ஹெல்மெட் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெயில் அடிக்கும் சமதரை ஊர்களை நினைத்தே எழுதுகிறார்கள். இலங்கை மலையகத்தில் இருக்கும் நமக்கு நீண்ட இறக்கம், மூடுபனி, குளவி, கம்பளித் தொப்பி, வாரக்கணக்கில் காயாத ஈரம். அதையெல்லாம் கணக்கில் எடுத்து, வாங்குவதிலிருந்து தொடங்குகிறேன்.

உள்ளே இருப்பது சோற்றுப் பெட்டிச் சாமான்தான்

ஹெல்மெட்டின் வெளியே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு, பெரும்பாலும் பொலிகார்பனேட். அதற்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் ரெஜிபோம். பிறகு நெற்றியில் படும் பஞ்சு, பட்டி, பின்பக்கத் திருகு. தலையைக் காப்பாற்றுவது நடுவிலிருக்கும் ரெஜிபோம்தான். 2017இல் இலங்கையில் தடை வந்த சோற்றுப் பெட்டியும், டிவி வாங்கினால் பெட்டிக்குள் வரும் வெள்ளைக் கட்டியும் இதே குடும்பம். ஹெல்மெட்டில் இருப்பது அடர்த்தி கூடியது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1975இல் இதை வைத்துச் சைக்கிளுக்கென்றே ஒரு ஹெல்மெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கும் கடையில் தொங்குகிறவற்றில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள்தான்.

நம் தலை 4, 5 கிலோ எடை. அது தாரில் மோதினால் கண் இமைப்பதற்குள் நின்றுவிடும். அந்தத் திடீர் நிறுத்தம்தான் மூளையை உலுக்குகிறது. ரெஜிபோம் நசுங்கிக் கொடுப்பதால் தலை நிற்க இன்னும் சில மில்லி செக்கன் கிடைக்கிறது, உலுக்கல் குறைகிறது. நசுங்கியது திரும்ப எழாது. ஆகவே ஓர் அடிக்கு ஒரு ஹெல்மெட். சூடும், எண்ணெயும், தின்னரும் ஏன் ஆகாது என்பதற்கும் இதுவே காரணம்: நசுங்க வேண்டிய பொருளை அவை முன்கூட்டியே கெடுத்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஈ.என். 1078 தரத்தில் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்பில் மோதவிடும் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. தரத்தில் 2 மீற்றர், கிட்டத்தட்ட 22 கிலோமீற்றர். இது தலை நேராகத் தரையில் விழும் வேகம், சைக்கிள் ஓடும் வேகமல்ல. இறம்பொடை இறக்கத்தில் 50இல் வந்து வழுக்கி விழுந்தாலும் தலை கீழே விழும் உயரம் அதேதான் என்பதால் ஹெல்மெட் தன் வேலையைச் செய்ய வாய்ப்புண்டு. அதே 50இல் மதகிலோ எதிரே வரும் கொழுந்து லொறியிலோ நேராக மோதினால் அந்தக் கணக்கு அங்கே செல்லாது. ஹெல்மெட் வாங்கப் போகும் அன்றைக்கே பிரேக் கட்டையையும் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

இறக்கம் கெட்டது என்பது உலகப் பந்தயக்காரர்களும் படித்த பாடம். 1995 தூர் த பிரான்ஸில் இத்தாலிய வீரர் ஃபாபியோ கஸார்த்தெல்லி ஒரு மலை இறக்கத்தில் விழுந்து இறந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஸகஸ்தானின் அந்திரேய் கிவிலெவ் விழுந்து இறந்த பிறகுதான் சர்வதேசச் சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

முதல் படி: வேண்டாதவற்றை ஒதுக்குங்கள்

என் அக்கா மகனுக்கு வாங்கப் போனபோது வீட்டில் நடந்த பேச்சு இது.

"மாமா, அப்பாவோட மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டே சும்மாதான கெடக்கு. அதையே போட்டுக்கிறேனே?"

"போட்டுக்கிட்டு ஸ்டோர் மேடு வரைக்கும் மிதிச்சிட்டு வா, பார்ப்போம்."

பாதி மேட்டிலேயே கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டு வந்தான். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் பாதுகாப்பில் குறைந்ததல்ல. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் எடை, காற்றோட்டம் இல்லை, காதை மூடிவிடும். முடக்கில் வரும் பஸ்ஸின் ஹோன் சத்தத்தை வைத்துத்தானே நாம் ஓரம் கட்டுகிறோம்? மேட்டில் கழற்றுகிறவன் இறக்கத்தில் மறுபடி மாட்டுவான் என்றும் நிச்சயமில்லை. சைக்கிள் ஹெல்மெட் 250 முதல் 400 கிராம் வரைதான். கழற்றத் தோன்றாது, அதுவே அதன் பெரிய பலம்.

கட்டட வேலைத் தொப்பி வேண்டாம். அது மேலிருந்து விழும் கல்லுக்குச் செய்தது; பக்கவாட்டில் விழுந்தால் அது ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போகும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களோடு சில இடங்களில் ஹெல்மெட்டும் கிடைக்கும். பார்க்கப் புதிதாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் அது அங்கே எத்தனை முறை விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? ரெஜிபோமில் விழும் மயிரிழை வெடிப்பு ஓட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். சைக்கிளைப் பழையதாக வாங்குங்கள், ஹெல்மெட்டைப் புதிதாக வாங்குங்கள்.

இரண்டாம் படி: தலையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்

புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளவு நாடாவைப் பிடியுங்கள். நாடா இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றிப் பிறகு அடிக்கோலில் வைத்துப் பாருங்கள். 54 முதல் 58 சென்ரிமீற்றர் என்றால் பொதுவாக நடுத்தர அளவு, அதற்கு மேலே 61, 62 வரை பெரியது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை மட்டும் நம்பாதீர்கள், கம்பனிக்குக் கம்பனி மாறும். தலையின் வடிவமும் முக்கியம். நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்திப் பக்கவாட்டில் ஆடினால் உங்கள் தலை அந்த அச்சுக்கு நீளமாக இருக்கிறது. வேறு கம்பனியைப் பாருங்கள்.

தலைமுடி பற்றியும் சொல்லவேண்டும். உச்சிக்கொண்டை போட்டுக்கொண்டு அளவு பார்க்கக் கூடாது. பின்னலைக் கழுத்தோடு தாழ்த்திப் போட்டுக்கொண்டு போங்கள், ஓட்டும்போதும் அப்படியே. ஹெல்மெட்டுக்கு அடியில் இரும்புக் கிளிப் எதுவும் இருக்கவேண்டாம்.

மூன்றாம் படி: உள்ளே திருப்பிப் பாருங்கள்

வெளியே ஒட்டியிருக்கும் பளபளப்பைப் பார்க்காமல் உட்புறத்தைத் திருப்புங்கள். அங்கே ஒரு சிட்டை இருக்கவேண்டும். ஐரோப்பியத் தரமானால் ஆங்கிலத்தில் ஈ, என் என்ற எழுத்துகளும் 1078 என்ற எண்ணும். அமெரிக்கத் தரமானால் சி.பி.எஸ்.சி.; அங்கே 1999 மார்ச் முதல் செய்யப்படும் எல்லாச் சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் அது கட்டாயம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் பொதுவான தரத்தின் எண் 2063. ஜப்பானியப் பொருளில் எஸ்.ஜி. என்ற முத்திரையைப் பார்க்கலாம். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் படமும் பெயரும் மட்டும் இருந்தால் அது தொப்பி, அவ்வளவுதான். செய்த மாதமும் வருடமும் அதே சிட்டையிலோ பக்கத்திலோ இருக்கும். கடை மேல்தட்டில் நாலைந்து வருடம் தூசி தின்றதை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பிறகு ஓடும் ரெஜிபோமும் சேர்ந்திருக்கும் விதம். நல்லதில் இரண்டையும் ஒரே அச்சில் சேர்த்து வார்த்திருப்பார்கள், நகம் நுழையாது. மலிவானதில் வெளி ஓடு தனியே செய்யப்பட்டு ஓரத்தில் டேப் ஒட்டியிருக்கும். நம் ஊர் ஈரத்தில் அந்த டேப் ஒரு பருவமழைகூடத் தாங்காது. இடைவெளியில் தண்ணீர் தங்கி, மண் ஏறி, பூஞ்சணம் பிடிக்கும்.

சில ஹெல்மெட்டின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் வலை போல ஒன்று தளர்வாக அசையும், அடிக்கடி மஞ்சள் நிறத்தில். மிப்ஸ் என்று சுவீடனிலிருந்து வந்த ஏற்பாடு. சாய்வாக விழும்போது அது 10, 15 மில்லிமீற்றர் வழுக்கிக் கொடுத்து, தலை திருகப்படுவதைக் குறைக்கிறது. சைக்கிளிலிருந்து யாரும் செங்குத்தாகவா விழுகிறோம்? கையில் காசு இருந்தால் அதற்குக் கொடுக்கலாம். ஆனால் விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்கவேண்டாம். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுத்து வருகிறது. அந்தப் பட்டியலில் மலிவானவை சில மேலேயும், விலை கூடியவை சில அவற்றுக்குக் கீழேயும் இருக்கின்றன. வாங்க நினைக்கும் பெயரைப் போனில் தட்டி ஒரு தடவை பாருங்கள்.

நான்காம் படி: மலைக்கு என்று பார்க்கவேண்டியவை

நிறம். கறுப்பும் கரும்பச்சையும் பார்க்க அழகுதான், ஆனால் லபுக்கலையில் மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கினால் தேயிலையோடு தேயிலையாகிவிடுவீர்கள். மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை வாங்குங்கள். பின்பக்கம் சிவப்புச் சிறு விளக்கு மாட்ட இடமிருந்தால் இன்னும் நல்லது.

குளவி. இதை எந்த வெளிநாட்டுக் கையேடும் சொல்லாது. கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்குக் குளவி என்றால் என்னவென்று யாரும் விளக்கவேண்டியதில்லை. சைக்கிளில் போகும்போது ஒன்று முன்பக்க ஓட்டைக்குள் புகுந்துவிட்டால், இறக்கத்தில் ஒரு கையால் தலையைத் தட்டிக்கொண்டு மறுகையால் பிரேக் பிடிக்கவேண்டி வரும். முன் ஓட்டைகளில் மெல்லிய வலை வைத்த ஹெல்மெட் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வலை இல்லாமல் பூச்சி உள்ளே போனால் முதலில் சைக்கிளை நிறுத்தவேண்டும், பிறகுதான் தாடைப் பட்டியின் கிளிப்பைக் கழற்றவேண்டும்.

காற்று ஓட்டைகள். குளிர் ஊரில் எதற்கு இத்தனை ஓட்டை என்று கேட்பார்கள். நானும் முதல் தடவை ஓட்டை குறைந்ததைத்தான் வாங்கினேன். மேடு ஏறும்போது வரும் வேர்வை உள்ளேயே தங்கி, இறங்கும்போது அது குளிர்ந்து மண்டை விறைத்ததுதான் மிச்சம். ஓட்டை கூடியது சீக்கிரம் காயும். நம் ஊரில் சீக்கிரம் காய்வதைவிடப் பெரிய குணம் ஒன்றும் ஹெல்மெட்டுக்குத் தேவையில்லை.

பஞ்சு கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும். ஒட்டுப்பட்டியில் பிடித்திருப்பதைப் பிய்த்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டிவிட்ட பஞ்சு என்றால் வாங்கவே வேண்டாம். முடிந்தால் இன்னொரு சோடிப் பஞ்சையும் சேர்த்து வாங்குங்கள். ஏன் என்று காயவைக்கும் இடத்தில் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: போட்டுப் பாருங்கள், தலையை ஆட்டுங்கள்

புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் ஹெல்மெட் மட்டமாக நிற்கவேண்டும். கலியாண மாப்பிள்ளை தலைப்பாகை மாதிரிப் பின்னுக்குத் தள்ளிப் போடுகிறவர்களைத்தான் ரோட்டில் அதிகம் பார்க்கிறேன். அப்படிப் போட்டால் முன்னால் விழும்போது நெற்றி வெறும் நெற்றிதான்.

இப்போது பட்டியைக் கட்டாமல் பின்பக்கத் திருகை மட்டும் இறுக்கித் தலையைக் குனிந்து ஆட்டுங்கள். விழக்கூடாது. அடுத்து பட்டிகள். காதின் முன்னாலும் பின்னாலும் வரும் இரண்டும் காது மடலுக்குச் சற்றுக் கீழே சேரவேண்டும். தாடைக்கடியில் கட்டிய பின் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு நுழையலாம். பெரிதாக வாயைத் திறந்து கொட்டாவி விடுங்கள். ஹெல்மெட் உச்சந்தலையைக் கீழே இழுப்பது தெரியவேண்டும். கடைசியாக முன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து மேலே தள்ளிப் பாருங்கள். பின்னுக்கு உருண்டால் முன்பட்டியை இறுக்கவேண்டும்.

கம்பளித் தொப்பி விவகாரம் தனி. தை மாதக் காலையில் நுவரெலியாவில் தொப்பி இல்லாமல் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தடித்த கம்பளித் தொப்பிக்கு மேலே ஹெல்மெட் போட்டால் அது தலையில் உட்காருவதில்லை, தொப்பியில் மிதக்கிறது. விழுந்தால் கம்பளி வழுக்கி ஹெல்மெட் நகரும். காதை மூடும் மெல்லிய துணித் தொப்பி போதும். அதைப் போட்டுக்கொண்டே கடையில் அளவு பாருங்கள். பகலில் தொப்பியைக் கழற்றினால் திருகை இரண்டு சுற்று இறுக்க மறக்கவேண்டாம். மப்ளர் கட்டினால் முனையைச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது, பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்குவது போல "வளருவான்தானே" என்று ஒரு அளவு பெரிதாக எடுக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. ஹெல்மெட்டில் அது ஆகாது. இன்றைய தலைக்கு இன்றைய அளவு. இன்னொன்று, சைக்கிளை விட்டு இறங்கி மரத்தில் ஏறவோ விளையாடவோ போனால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் பட்டி கழுத்தை இறுக்கும்.

கழுவுவது

மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு, அதாவது கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம், வைகாசி முதல் புரட்டாசி வரை கழுவும் காலம். ஊவாப் பக்கம், பண்டாரவளை, பதுளை, பசறை என்றால் ஐப்பசியிலிருந்து தை வரை. அந்த மாதங்களில் பஞ்சை வாரம் ஒரு தடவை, முழு ஹெல்மெட்டை மாதம் ஒரு தடவை கழுவினால் போதும். மற்றக் காலத்தில் நாற்றம் வந்தால் கழுவலாம். அதிகம் கழுவுவதும் கெடுதல்தான்.

முதலில் உட்புறத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பஞ்சு எங்கே இருந்தது என்று பிறகு மண்டையை உடைக்கவேண்டாம். பிறகு பஞ்சுகளை ஓரத்திலிருந்து மெதுவாகப் பிய்த்தெடுங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் ஒட்டுப்பட்டி ரெஜிபோமோடு கழன்று வரும்.

ஒரு வாளியில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு ஒரு மூடி. பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் அப்படியே கழுவலாம்தான், ஆனால் அந்தக் குளிரில் எண்ணெய்ப் பிசுக்கு கரையாது. நம் பஞ்சில் இருப்பது வேர்வை மட்டுமா? தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், நெற்றியில் இட்ட திருநீறு, சந்தனம், குங்குமம் எல்லாம் முன்பஞ்சில்தான் குடியிருக்கும். பத்து நிமிடம் ஊறவிட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அமுக்கி அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், உள்ளே உள்ள நுரை கிழியும். குங்குமக் கறை முழுதாகப் போகாது. போகட்டும், விடுங்கள். வெளுப்பதற்கென்று குளோரின் போட்டால் கறையோடு பஞ்சும் போய்விடும்.

வெளி ஓட்டுக்கு அதே தண்ணீரும் மென்மையான துணியும். சட்டி தேய்க்கும் நார் வேண்டாம். ஓட்டைகளுக்குள் காய்ந்த சேற்றைப் பழைய பல்துலக்கியால் தள்ளிவிடுங்கள், ரெஜிபோமைச் சுரண்டாமல். மிப்ஸ் வலை உள்ளதென்றால் அதற்கடியில் மணல் தங்கும்; தண்ணீரை ஊற்றிச் சாய்த்து வெளியேற்றுங்கள், வலையைக் கழற்றப் பார்க்கவேண்டாம்.

பட்டியில் சவர்க்காரத் தண்ணீரைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசவேண்டும். வேர்வை உப்பு நின்றால் பட்டி விறைத்துத் தாடையை அறுக்கும். கிளிப்புக்குள் மண் இருந்தால் சரியாகக் கவ்வாது. அலசிய பின் நாலைந்து தடவை போட்டுக் கழற்றி, "டக்" என்ற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். திருகுக்கு எண்ணெய் போடாதீர்கள்.

வேண்டாதவற்றின் பட்டியலில் பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவை எல்லோரும் அறிந்தவை. செயின் மசகைத் துடைத்த அதே துணியால் ஹெல்மெட்டையும் துடைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இதைவிட நம் வீட்டுச் சாமான்களில் இரண்டு ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒன்று, எலுமிச்சைத் தோல். நாற்றம் போக எலுமிச்சையைத் தேய்க்கும் பழக்கம் உண்டு. எலுமிச்சை, தோடம்பழத் தோல்களில் உள்ள எண்ணெய் ரெஜிபோமைக் கரைக்கும். நம்பாவிட்டால் தோடம்பழத் தோலை மடக்கி, பெட்டியில் வந்த ரெஜிபோம் துண்டு ஒன்றின் மேல் பீச்சிப் பாருங்கள், குழி விழும். யூக்கலிப்டஸ் தைலத்தையும் தலைவலிக்குப் பூசும் பாம்களையும் இதே காரணத்துக்காகத் தள்ளியே வையுங்கள். தடிமனுக்கு நெற்றி நிறையப் பூசிக்கொண்டு உடனே ஹெல்மெட் மாட்டவேண்டாம். மற்றது, பூச்சி விரட்டி. டீட் என்ற மருந்து கலந்த கொசு விரட்டிகள் பிளாஸ்டிக்கைத் தின்னும். காலில் பூசுங்கள், கையை நன்றாகக் கழுவிவிட்டு ஹெல்மெட்டைத் தொடுங்கள்.

கிரகரி வாவிக் கரையில் வாடகைச் சைக்கிளோடு தரும் ஹெல்மெட்டைக் கழுவ உங்களுக்கு நேரமிருக்காது. பேன் பயம் இருந்தால் மெல்லிய கைக்குட்டை ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு போடுங்கள். வெடிப்பு இருக்கிறதா, கிளிப் கவ்வுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

காயவைப்பது

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சட்டை காய்கிறது, இது மட்டும் என்னவாம்?

ரெஜிபோம் என்பது காற்றை அடைத்த மணிகளின் கட்டு. 70, 80 பாகை செல்சியஸ் தாண்டத் தொடங்கினால் அந்த மணிகள் இளகிச் சுருங்கும் அல்லது ஊதும். அடுப்புக்கு மேலே நெருப்பு எழும்பும்போது அந்தச் சூடு வருவது பெரிய விஷயமல்ல. துணி அதைத் தாங்கும், ரெஜிபோம் தாங்காது. கண்ணுக்குத் தெரியும்படி கொப்பளித்தால் அதிர்ஷ்டம். தெரியாமல் கெட்டிருந்தால் நம்பிப் போட்டுக்கொண்டு திரிவோம்.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் நண்பர் ஒருவர் அங்கேயே காயவைத்துத் தருவதாகச் சொன்னார். தேயிலை வாட்டும் தொட்டியின் காற்று இளஞ்சூடுதான், ஹெல்மெட்டுக்கு ஒன்றும் ஆகாது. தேயிலை காயவைக்கும் டிரையருக்குள் போகும் காற்றோ 90 பாகைக்கு மேல். அந்தப் பக்கம் வைத்துவிடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

கூரைத் தகரமும் கூடாது. பத்து நாள் மழைக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்த்தால் வரிசை வீடுகள் சேர்ந்த லயமே தகரத்தின் மேல் துணி காயப்போடும், நமக்கும் கை பரபரக்கும். உச்சி வெயிலில் தகரம் கொதிக்கும். அதோடு உயரம் கூடக் கூட, ஆயிரம் மீற்றருக்குப் பத்து வீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த வெயில் பட்டியின் நூலை உள்ளுக்குள் இற்றுப்போகச் செய்யும். மூடிய வாகனத்தின் முன் கண்ணாடிக்கடியில் வைப்பதும் இதே தவறுதான்.

அப்படியென்றால் எப்படிக் காயவைப்பது? தண்ணீரை உதறிவிட்டு, காய்ந்த துவாயால் உள்ளும் புறமும் ஒற்றி எடுங்கள். பஞ்சுகளைத் துவாயில் சுருட்டி அதன்மேல் ஏறி நில்லுங்கள். ஈரத்தில் பெரும்பகுதி துவாய்க்குப் போய்விடும். ஹெல்மெட்டை இஸ்தோப்பில், சாரல் படாத இடத்தில், உட்புறம் கீழே பார்க்கும்படி கயிற்றில் தொங்கவிடுங்கள். மலைக் காற்று ஈரமாக இருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும், அதுவே போதும். மேசை மின்விசிறி இருந்தால் ஒரு மணி நேரம் முன்னால் வையுங்கள். கூந்தல் காயவைக்கும் மெஷினைச் சூடில்லாக் காற்றில் மட்டும் பிடிக்கலாம். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் மறுநாளே பூஞ்சணம் வாடை அடிக்கும்.

பஞ்சு அடைமழையில் இரண்டு நாள் எடுக்கும். அதற்குத்தான் இரண்டாவது சோடி. ஒன்று தலையில், ஒன்று கொடியில். ஈரப் பஞ்சோடு தினமும் ஓட்டினால் நெற்றியில் பொரி பொரியாக வரும், எனக்கு வந்திருக்கிறது. இரண்டாவது சோடி கிடைக்காவிட்டால் தையற்கடையில் மெல்லிய நுரைத் துணி வாங்கி அதே அளவில் வெட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். தடிப்பு மாறினால் பொருத்தமும் மாறும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

எப்போது விடை கொடுப்பது

தலையோடு சேர்ந்து விழுந்துவிட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றவேண்டும். வெறும் ஹெல்மெட் கையிலிருந்து நழுவி விழுந்தால் அவ்வளவு பயம் தேவையில்லை, உள்ளே தலையின் எடை இல்லையே. பஞ்சுகளைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரு பக்கமும் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். நெரியும் சத்தம் கேட்டாலோ வெடிப்பு வாய் திறந்தாலோ அது முடிந்தது. ஓடு தனியே ஆடினாலும், பட்டி நூல் பிரிந்தாலும், திருகு பிடிக்காமல் சுற்றினாலும் அப்படியே. எதுவும் நடக்காவிட்டாலும் 5 முதல் 10 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு. நம் ஈரத்தையும் தினசரி ஓட்டத்தையும் பார்த்தால் நான் 5 பக்கம்தான் நிற்பேன். வாங்கிய தேதியை ஒரு துண்டுத் துணி டேப்பில் எழுதிப் பட்டியில் சுற்றி வையுங்கள். மார்க்கர் பேனாவால் ரெஜிபோமில் நேராக எழுதவேண்டாம்.

கெட்டதைச் சும்மா வீசினால் யாராவது எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள். எனவே முதலில் பட்டியைக் கத்தரிக்கோலால் அறுத்துவிடுங்கள். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் வேண்டாம், அந்தக் கரும்புகை லயம் முழுக்க மூச்சை அடைக்கும். கொப்பளித்த என் முதல் ஹெல்மெட்டை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். கவிழ்ந்ததை நிமிர்த்தி, தேங்காய் மட்டைத் தும்பை அடைத்து, இஸ்தோப்பு ஓரத்தில் அந்தூரியம் வைத்திருக்கிறார். ஓட்டை கூடியதாகப் பார்த்து அடுத்ததை வாங்கு, இதில் தண்ணீர் சரியாக வடியவில்லை என்கிறார்.